சமுதாய வானொலியில் கருக்கலைப்பைப் பற்றிப் பேசலாமா?

1972-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் முதல் நம் நாட்டில் ஒரு சட்டம் நடைமுறையில் இருந்துவருகிறது. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தகுதி பெற்ற மருத்துவரிடம் ஒரு பெண் கருக்கலைப்பு செய்துகொள்ள அது வழி செய்கிறது. 1964-இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழு தந்த பரிந்துரைகளின் அடிப்படையில், 1971-இல் நாடாளுமன்றம் இதனை நிறைவேற்றியது.

அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இப்போது உங்கள் தெருவில் பத்துப் பேரிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அது குற்றமாயிற்றே!" என்பார் ஒருவர். "கணவன் கையெழுத்துப் போட்டால்தான் செய்வார்கள்" என்பார் மற்றொருவர். "கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கிடையாது" என்பார் வேறொருவர். இந்த மூன்று விடைகளும் சரியல்ல.

சட்டம் தில்லியில் இயற்றப்பட்டது. அதைப் பற்றிய செய்தி ஏன் நம் ஊர் வந்து சேரவில்லை? அதைக் கொண்டுவந்து சேர்க்க எளிய சாதனம் ஏதேனும் உண்டா? இக்கட்டுரையில் நாம் ஆராயப் போவது இதுதான்.

செய்தி சேராததன் விலை

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கரு தானாகவே கலைந்து போவது கருச்சிதைவு. மருந்தாலோ கருவியாலோ அதனைக் கலைப்பது கருக்கலைப்பு.

இந்தியாவில் 2015-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்று 'லான்செட் குளோபல் ஹெல்த்' என்னும் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவற்றுள் மருத்துவமனைகளில் நடந்தவை 34 லட்சம் மட்டுமே. 1 கோடியே 15 லட்சம் பெண்கள் மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரைகளைத் தாங்களே உட்கொண்டவர்கள். மீதி 8 லட்சம் பேர் வேறு முறைகளை நாடியவர்கள்.

மாத்திரை உட்கொண்டவர் அனைவருக்கும் தீங்கு நேர்ந்தது என்று இதற்குப் பொருளில்லை. உரிய காலத்தில், உரிய அளவில், சரியான விவரம் தெரிந்து உட்கொண்டால் அவை பாதுகாப்பானவையே. ஆனால் கடையில் கைமாறும் பொட்டலத்துடன் அந்த விவரம் வருவதில்லை. எத்தனை வாரம் வரை உட்கொள்ளலாம், எந்த அளவுக்கு உதிரம் போனால் ஆபத்து, எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வது?

2001-03 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி, இந்தியாவில் மகப்பேறு தொடர்பான 100 மரணங்களில் 8 மரணங்களுக்குக் கருக்கலைப்பே காரணமாக இருந்தது. முறையாகச் செய்யப்படும் கருக்கலைப்போ மிகப் பாதுகாப்பான சிகிச்சைகளுள் ஒன்று. ஆகவே, மருத்துவம் கைவசம் இருந்தும் அதைப் பற்றிய விவரம் போய்ச் சேராததால் உயிர்கள் போகின்றன எனலாம்.

விவரம் கேட்கவும் வழியில்லை. மாமியாரிடம் கேட்க முடியாது. கிராம நர்சம்மா வீட்டுக்கு வந்தால் தெருவே பார்க்கும். வீட்டுக்கு ஒரே கைபேசி என்றால், அதில் தேடிப் படித்ததன் சுவடு கணவன் கண்ணிலும் படும். மகன் கண்ணிலும் படும்.

ஒரு சிறிய நிலையம்

இந்த இடத்தில்தான் சமுதாய வானொலி நினைவுக்கு வருகிறது. 'வானலைகள் பொதுச்சொத்து' என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களும், 2006-இல் தொண்டு நிறுவனங்களும் சொந்தமாகச் சிறு வானொலி நிலையங்கள் நடத்த மத்திய அரசு இடமளித்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை 2004 பிப்ரவரியில் தொடங்கப்பெற்றது. 2008-இல், அன்றைய மேதக் மாவட்டத்தின் மாச்னூர் கிராமத்தில் சங்கம் ரேடியோ தொடங்கியது. அதனை நடத்துபவர்கள் சிறு விவசாயிகளான தலித் பெண்கள். ஒலிப்பதிவுக்கும் ஒலிபரப்புக்கும் பெரிய படிப்பு தேவையில்லை என்பதை அவர்கள் காட்டினார்கள். 2024-இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 500 சமுதாய வானொலி நிலையங்கள் இயங்கின.

இந்நிலையங்களின் திறன் எவ்வளவு? பொதுவாக இவற்றுக்கு அனுமதிக்கப்படும் கதிர்வீச்சுத் திறன் 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவுதான்! ஆன்டெனாவின் உயரம் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பண்பலை வானொலியின் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை, பூமியோ வளைந்தது. ஆகவே, கோபுரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் அடிவானம் தெரியும் தொலைவையொட்டியே அலைகளின் எட்டும் தூரமும் அமைகிறது. இதற்கு எளிய கணக்கு உண்டு. கோபுர உயரத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் அடிவானத் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 30-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 5.48. பெருக்கினால் ஏறத்தாழ 19.5 கிலோமீட்டர். குறைந்த திறன், இடையே மரங்கள், கட்டடங்கள் ஆகியவற்றால் நடைமுறையில் தெளிவாகக் கேட்பது 10 கிலோமீட்டர் சுற்றளவில்தான்.

இது ஒரு குறைபோலத் தோன்றும். நம் தேவைக்கு இதுவே வசதி. அந்தப் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரே அரசு மருத்துவமனை, ஒரே பேருந்து, ஒரே பேச்சு வழக்கு. 'மகப்பேறு மருத்துவர் எந்தக் கிழமை இருப்பார், எத்தனை மணிக்குள் சீட்டு வாங்க வேண்டும், திரும்பி வரக் கடைசிப் பேருந்து எப்போது' என்பதைத் தலைநகர் வானொலி சொல்ல முடியாது. ஊர் வானொலி சொல்லும். 'கருத்தரிப்பு' என்று பேசினால் புரியாதவருக்கு 'நாள் தள்ளிப் போச்சு' என்றால் உடனே புரியும்.

சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தியறிக்கை தயாரித்து ஒலிபரப்ப விதிகள் இடம் தருவதில்லை. ஆனால் உடல்நலமும் சமூகநலமும் அவை பேச வேண்டிய பொருள்கள் என்றே அரசின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன.

கேட்பவரை யாரும் அறியார்

வானொலிக்கு இன்னொரு சிறப்பு உண்டு. நிலையத்திலிருந்து புறப்பட்ட அலை எல்லா வீட்டுக் கூரைகளின் மேலும் பரவிச் செல்கிறது. உங்கள் வானொலிப் பெட்டி அதில் மிகச் சிறு பங்கைப் பெற்றுக்கொள்கிறது. பதிலுக்கு எதையும் நிலையத்துக்கு அனுப்புவதில்லை. பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் நிலையத்திலுள்ள கருவிகளில் எந்த மாற்றமும் தெரியாது. இணையத்திலோ நீங்கள் கேட்டால்தான் தகவல் வரும். கேட்டதற்கான பதிவும் எங்கோ தங்கும்.

பண்பலை வசதியுள்ள கைபேசிகள் பலவற்றில், இயர்போனைச் செருகினால்தான் வானொலி எடுக்கும். ஏன் தெரியுமா? 90.4 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 3.3 மீட்டர். அதில் கால் பங்கு 83 சென்டிமீட்டர். அலையைப் பிடிக்க ஏறத்தாழ அந்த நீளமுள்ள கம்பி ஏற்றது. இயர்போன் ஒயரே ஆன்டெனாவாகப் பயன்படுகிறது! இதனால் இரண்டு நன்மைகள்: இணைய வசதியில்லாத பொத்தான் கைபேசியே போதும், கேட்பது பக்கத்தில் இருப்பவர் காதில் விழாது. நெல் அவித்துக்கொண்டோ, பீடி சுற்றிக்கொண்டோ ஒரு பெண் இதனைக் கேட்கலாம்.

என்ன பேச வேண்டும்?

வெறும் 'விழிப்புணர்வு' போதாது; திட்டமான விவரங்கள் வேண்டும். முதலாவது, சட்டம். 2021-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி:

20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். பெண்ணின் உயிருக்கு ஆபத்து, உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடும் பாதிப்பு, கருவில் கடும் குறைபாடு, பாலியல் வன்கொடுமை, கருத்தடை முறை தவறிப்போதல் ஆகியவை ஏற்கப்படும் காரணங்கள். பழைய சட்டத்தில் 'மணமான பெண்ணும் அவள் கணவனும்' என்றிருந்த இடத்தில் இப்போது 'பெண்ணும் அவள் துணைவரும்' என்று வந்துவிட்டது.

20 முதல் 24 வாரம் வரை, சில பிரிவினருக்கு, இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். வன்கொடுமைக்கு ஆளானவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்ப காலத்தில் கணவனை இழந்தோர் அல்லது மணமுறிவு பெற்றோர் முதலியோர் இதில் அடங்குவர். மணமாகாத பெண்களை இதிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 24 வாரத்துக்கு மேல், கருவில் பெருங்குறைபாடு இருப்பின், மருத்துவக் குழு முடிவு செய்யும்.

18 வயது நிரம்பிய, மனநலம் உள்ள பெண்ணுக்கு அவளுடைய ஒப்புதல் மட்டுமே போதும். இதை வானொலியில் இரண்டே வரிகளில் சொல்லிவிடலாம்:

"நர்சம்மா, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டாத்தான் செய்வாங்களாமே?"

"பதினெட்டு வயசு முடிஞ்சிருந்தா உன் கையெழுத்தே போதும்மா. உன் பேரை வெளியே சொன்னா, சொன்னவங்களுக்குத்தான் தண்டனை."

நர்சம்மா சொல்வது உண்மையே. சட்டம் அனுமதித்தவர் தவிர வேறு எவரிடமும் பெண்ணின் பெயரையோ விவரத்தையோ வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

இரண்டாவது, வாரக் கணக்கு. இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். கர்ப்பத்தின் வாரங்கள் கரு உண்டான நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. கடைசி மாதவிலக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. நாள் தள்ளிப்போனது தெரியும்போதே நான்கு வாரம் முடிந்துவிடுகிறது. ஊர் வானொலி இதைப் பண்டிகைக் கணக்கில் சொல்லலாம். ஜனவரி 15 பொங்கலன்று மாதவிலக்கு வந்தது என்று கொள்வோம். பிப்ரவரி 12-ஆம் தேதியளவில் அடுத்தது வந்திருக்க வேண்டும், வரவில்லை. மாத்திரை முறைக்கு இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட எல்லை 9 வாரம். அது மார்ச் 19-இல் முடிகிறது. சித்திரை முதல் நாளில் அவள் 13-ஆவது வாரத்தில் இருக்கிறாள். 20 வாரம் முடிவது ஜூன் 4. 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம்.

மூன்றாவது, மாத்திரைகளின் செயல். கர்ப்பம் நிலைக்கப் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் தேவை. மிஃபெப்ரிஸ்டோன் அதன் செயலைத் தடுக்கிறது. பின்னர் உட்கொள்ளும் மிசோப்ரோஸ்டால் கருப்பையைச் சுருங்கச் செய்து கருவை வெளியேற்றுகிறது. கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருந்தால் இம்மாத்திரைகள் பயன்படா. குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவரைப் பார்த்த பிறகே உட்கொள்ள வேண்டும் என்பதற்கு இது ஒரு பெரிய காரணம். தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் நனையும் அளவுக்கு உதிரம் போனாலோ, விடாத காய்ச்சல், துர்நாற்றம், தாங்க முடியாத வயிற்றுவலி இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எந்த மருந்துக் கடையில் வாங்கியிருந்தாலும், எப்படிச் செய்திருந்தாலும், சிகிச்சை தருவது மருத்துவரின் கடமை. பயந்து வீட்டிலேயே கிடப்பதுதான் உயிரைப் பறிக்கிறது.

நான்காவது, ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஸ்கேன் மையங்களில் 'கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று கண்டறிவது குற்றம்' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அது 1994-ஆம் ஆண்டின் வேறொரு சட்டம். பெண் என்பதற்காகவே கருவை அழிக்கும் கொடுமையைத் தடுக்க வந்தது. அந்தப் பலகையைப் படித்துவிட்டுக் கருக்கலைப்பே குற்றம் என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. இரண்டு சட்டங்களையும் தனித்தனியே விளக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கருக்கலைப்பு மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தடை செய்கிறது. எனவே எந்த மருந்துக் கம்பெனியின் பெயரும் நிகழ்ச்சியில் வரக்கூடாது. அவர்களிடம் பணம் பெறவும் கூடாது.

குரலை மறைக்க முடியுமா?

சமுதாய வானொலியின் பலம் அதன் குறுகிய எல்லை என்றோம். அதன் ஆபத்தும் அதுவே. 10 கிலோமீட்டருக்குள் குரலைக் கேட்டாலே 'இது இன்னார் மருமகள்' என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

குரலைக் கணினியில் மாற்றிவிட்டால் போதாதா? போதாது. நம் குரலில் இரண்டு கூறுகள் உண்டு. குரல்நாண்கள் அதிரும் வேகம் சுருதியைத் தருகிறது. பேசும்போது ஆண்களுக்கு இது நொடிக்கு ஏறத்தாழ 120 அதிர்வுகள். பெண்களுக்கு ஏறத்தாழ 200. இந்த ஒலி தொண்டை, வாய், மூக்கு ஆகிய அறைகளில் ஒத்ததிர்ந்து தனித்தன்மை பெறுகிறது. சாதாரணக் குரல் மாற்றி எல்லா அதிர்வெண்களையும் ஒரே எண்ணால் பெருக்குகிறது. அந்த எண்ணை ஊகித்து வகுத்துவிட்டால் பழைய குரல் திரும்பிவிடும்! மேலும், பேச்சின் வேகம், இழுவை, அடிக்கடி வரும் சொல் ஆகியவை மாறுவதே இல்லை. ஊராருக்கு அவையே போதும்.

ஆகவே சிறந்த வழி பழைய வழிதான். அனுபவத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மாற்ற வேண்டும். பலர் அனுபவங்களைச் சேர்த்து ஒரு நாடகமாக்கி, வேறொருவர் குரலில் ஒலிபரப்ப வேண்டும். மூல ஒலிப்பதிவு இருந்தால் அழித்துவிட வேண்டும். ஒலிபரப்பும் முன் உரிய பெண்ணுக்குப் படித்துக் காட்டி, 'வேண்டாம்' என்றால் விட்டுவிட வேண்டும். நேரலையில் தொலைபேசி அழைப்புகளை ஏற்காமல், கேள்விகளை எழுத்தாகப் பெற்று, பெயரில்லாமல் படிப்பது நல்லது.

உரிமை இருந்தால் போதுமா?

1994-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கறுப்பினப் பெண்கள் பன்னிருவர் கூடி 'இனப்பெருக்க நீதி' என்ற கருத்தை உருவாக்கினார்கள். குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்யவும், வேண்டும் என்று முடிவு செய்யவும், பெற்ற குழந்தையை நல்ல சூழலில் வளர்க்கவும் பெண்ணுக்கு உரிமை வேண்டும். அந்த உரிமைகளைப் பயன்படுத்துவதற்கான வசதிகளும் வேண்டும் என்பது அதன் சாரம்.

இதற்கு அண்டை நாடான நேபாளத்தில் ஒரு நல்ல சான்று உண்டு. 2002 வரை அங்கே கருக்கலைப்புக்காகப் பெண்கள் சிறை சென்றார்கள். அவ்வாண்டில் சட்டம் திருத்தப்பட்டு, 2004-இல் அரசு மருத்துவமனையில் சேவை தொடங்கியது. ஆயினும் லட்சுமி திக்தா என்ற ஏழைப் பெண், மருத்துவமனைக் கட்டணமான 1,130 ரூபாய் இல்லாததால் விருப்பமில்லாமலே மறுபடியும் ஒரு குழந்தையைப் பெற நேர்ந்தது. அவ்வழக்கில் 2009-இல் தீர்ப்பளித்த நேபாள உச்ச நீதிமன்றம், ஏழைப் பெண்ணுக்கு எட்டாத உரிமையால் பயனில்லை என்பதை ஏற்று, சேவை எல்லாருக்கும் கிடைக்கவும் அதைப் பற்றிய விவரம் மக்களைச் சென்றடையவும் ஏற்பாடு செய்யும்படி அரசுக்கு ஆணையிட்டது.

நம் நாட்டின் வரலாற்றில் மறுபக்கமும் உண்டு. 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் பலருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. குழந்தை வேண்டும் என்ற உரிமை அப்போது மிதிக்கப்பட்டது. 'கருத்தடை அறுவை செய்துகொண்டால்தான் கருக்கலைப்பு' என்று யாரேனும் இன்று சொன்னால், சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை என்று ஊர் வானொலி உரக்கச் சொல்ல வேண்டும். குழந்தை வேண்டிச் சிகிச்சைக்கு அலைபவரின் கதையும் அதே நிகழ்ச்சியில் இடம்பெற வேண்டும். அப்போதுதான் 'இவர்கள் கருவைக் கலைக்கச் சொல்கிறார்கள்' என்ற பழி நிற்காது. கருக்கலைப்பை மனதார ஏற்காதவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கருத்து அவர்களுடையது. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது, எது ஆபத்து என்ற உண்மைகள் இருசாராருக்கும் பொதுவானவை.

நீங்கள் என்ன செய்யலாம்?

மாணவ நண்பர்களே, உங்கள் கல்லூரியிலோ பக்கத்து ஊரிலோ சமுதாய வானொலி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பத்து நிமிட நிகழ்ச்சிகள் ஆறு தயாரிக்க முன்வாருங்கள். அரசு மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவரையும் கிராமச் சுகாதாரச் செவிலியரையும் வழக்கறிஞர் ஒருவரையும் முதலிலேயே கலந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒலிபரப்பும் முன் மருத்துவர் சரிபார்க்கட்டும். ஒவ்வொன்றின் முடிவிலும் 104 என்ற மருத்துவ உதவி எண்ணைச் சொல்லுங்கள். பெண்கள் தனித்திருக்கும் பிற்பகலில் ஒரு முறையும், ஆண்கள் வீடு திரும்பிய பின் ஒரு முறையும் ஒலிபரப்புங்கள். ஆண்களும் அறிய வேண்டிய செய்தி இது.

யார் கேட்டார்கள் என்பது உங்களுக்கு ஒருபோதும் தெரியாது. பாராட்டுக் கடிதமும் வராது. ஆனால் நாள் தள்ளிப்போன ஒரு பெண், ஒன்பது வாரம் முடியும் முன் தானாகவே மருத்துவமனைக்கு வந்து, "என் கையெழுத்தே போதுமாமே?" என்று கேட்டால், அந்த 100 வாட் வீணாகவில்லை என்று பொருள்.